உம்மா வீட்டுக் கத்தி அரபுக் கத்தியா? பழைய குத்துவாள்களின் பூர்வீகத்தை அறிவது எப்படி

கண்டி மாவட்டத்திலுள்ள எங்கள் உம்மா வீட்டு அலுமாரியில், பழைய சாரன் துண்டொன்றில் சுற்றிய கத்தியொன்று பல தலைமுறைகளாக இருக்கிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் பெருநாள் தினத்தன்று மட்டும் மாமா அதை வெளியே எடுத்துக் காட்டுவார். "இது அரபுக் கத்தி. எங்கட மூத்தாப்பாமார் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வரும்போது இடுப்பில் செருகிக்கொண்டு வந்தது" என்பார். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் இந்தக் கதையை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கடந்த வருடம் பழம்பொருள் வாங்கும் ஒருவர் மாமாவைத் தேடி வந்து, அந்தக் கத்திக்கு 25,000 ரூபா தருவதாகக் கூறினார். மாமாவின் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. விற்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. "நீ படிச்ச ஆள்தானே, இது உண்மையில் என்னவென்று பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் தந்துவிட்டார்.

நான் பாடசாலையில் வரலாறு கற்பிப்பவன். ஆயுத நிபுணன் அல்லன். ஆனாலும் மாமாவின் கேள்விக்கு விடை தேடிய சில மாதங்களில் கற்றுக்கொண்டவை எமது பல வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். மத்திய கிழக்கிலிருந்து வந்தவை, ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் கொண்டு வந்தவை, மலாய் உறவினர் வழியாக வந்தவை என்று எமது வீடுகளில் இத்தகைய கத்திகள் இன்னும் இருக்கின்றன.

ஒன்றல்ல, மூன்று பொருட்கள்

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு குத்துவாள் என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று பொருட்கள். அலகு, பிடி, உறை. மூன்றும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல அலகொன்று நூறு வருடங்களுக்கு மேலும் நிலைக்கும். அது வியாபாரத்தில் ஊர் ஊராகச் செல்லும். உடைந்த பிடியை மகன் மாற்றுவார். தேய்ந்த உறையைப் பேரன் தட்டாரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்விப்பார்.

ஆகவே "இது எந்த நாட்டுக் கத்தி?" என்று கேட்டால் பெரும்பாலும் தவறான விடையே வரும். அலகு எங்கே அடிக்கப்பட்டது? பிடி எங்கே பூட்டப்பட்டது? உறை எங்கே செய்யப்பட்டது? இப்படி மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். இம்மூன்றில் கத்தியை அணிந்த மனிதரைப் பற்றி அதிகம் சொல்வது உறைதான். அலகை வெளியூரிலிருந்து வாங்கலாம். ஆனால் உறையை அணிபவர் தன் ஊர் வழக்கப்படி, தன் உடைக்கும் தன் அந்தஸ்துக்கும் ஏற்றவாறே செய்விப்பார்.

அரபு நாட்டு உறைகள்

ஓமானின் கஞ்சர் எம்மவர்களுக்கு நன்கு அறிமுகமானது. அந்நாட்டுக் கொடியிலேயே அது இருக்கிறது. 2022ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதன் கைவினையையும் அதனோடு தொடர்புடைய வழக்கங்களையும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் உறை மேலிருந்து நேராக இறங்கி, பின்னர் ஏறத்தாழ செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பும். அலகு அந்த வளைவு வரைதான் செல்லும். அதற்கப்பால் இருப்பது அலங்காரம். "உறை பெரிது, அலகு சிறிது, ஆகவே இது சோடி மாறியது" என்று யாராவது சொன்னால் ஓமான் கத்தி விடயத்தில் நம்பத் தேவையில்லை.

உறையின் நடுப்பகுதியில் வெள்ளி வளையங்கள் இருக்கும். சாதாரணமாக நான்கு. ஆளும் குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் சயீதி வகையில் ஏழு. அந்த வகையின் பிடியும் வேறுபட்டது, முழுவதும் வெள்ளி வேலைப்பாடு கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓமானையும் சன்ஸிபாரையும் ஆண்ட செய்யித் சயீத் பின் சுல்தானின் பாரசீக மனைவியே இதனை வடிவமைத்தார் என்று ஓமானில் கூறுவார்கள். கரையோர நகரான சூரின் பெயர் கொண்ட கஞ்சர் அளவில் சிறியது, பாரம் குறைந்தது. உள்நாட்டு நகரான நிஸ்வாவின் பெயர் கொண்டது பெரியது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

யெமனின் ஜம்பியா வேறு விதமானது. கோத்திரத்தவர்கள் அணியும் அஸீப் என்ற உறை ஆங்கில எழுத்து 'ஜே' போல வளைந்திருக்கும். அதை அகலமான பட்டியில், வயிற்றின் நடுவில் நிமிர்த்தி அணிவார்கள். செய்யித்மாரும் காழிமாரும் அணிந்த தூமா என்ற வகை இடுப்பின் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். அதாவது உறையைப் பார்த்தே அணிந்தவரின் சமூக நிலையை அறியலாம். தெற்கே ஹள்ரமவ்த்தில் உறையின் நுனி மேல்நோக்கி வளைந்து ஏறத்தாழ பிடியின் உயரத்துக்கே வந்துவிடும்.

யெமனின் மிக நுண்ணிய வெள்ளி வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அந்நாட்டின் யூதத் தட்டார்கள். முஸ்லிம் காழியின் இடுப்பை அலங்கரித்த உறை யூதக் கைவினைஞரின் பட்டறையில் பிறந்தது. 1949, 1950ஆம் ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலானோர் நாட்டைவிட்டுச் சென்ற பின்னர் அந்த வேலைப்பாட்டின் தொடர்ச்சி பெரிதும் அறுந்துபோனது. எனவே மெல்லிய வெள்ளிக் கம்பிகளை முறுக்கிச் செய்த பழைய வேலைக்கும், பிற்கால வேலைக்கும் உள்ள வேறுபாடு காலத்தைக் கணிக்க உதவுகிறது.

வடிவம் அரபு என்பதால் செய்த இடமும் அரபு நாடு என்று முடிவெடுக்கவும் முடியாது. ஹள்ரமவ்த்தைச் சேர்ந்த அரபுகள் பெருமளவில் ஹைதராபாத் நிஸாமின் படையில் பணியாற்றினார்கள். அவர்களுக்காக இந்தியக் கொல்லர்கள் ஜம்பியா வடிவிலேயே கத்தி செய்தார்கள். வடிவம் ஹள்ரமவ்த், உருக்கு தக்காணம், அணிந்தவர் ஹைதராபாத்தில் பிறந்த அரபு. இதை எந்த நாட்டுக் கத்தி என்று சொல்வது? மூன்றையும் சொல்வதே சரியான விடை.

மலாய் வீடுகளின் கெரிஸ்

எமது நாட்டு மலாய்ச் சகோதரர்களின் முன்னோர் பலர் ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கு வந்தவர்கள். மத்தாராம் அரசர் மூன்றாம் அமங்குராத்தை ஒல்லாந்தர் 1708இல் இலங்கைக்கு நாடுகடத்தினர். அவர் இங்கேயே 1734இல் காலமானார். அம்மக்களின் குத்துவாள் கெரிஸ்.

கெரிஸை அடையாளம் காண்பது கடினமல்ல. அலகின் அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் அகன்று, சமச்சீரற்று இருக்கும். அலகு நேராகவும் இருக்கலாம், பாம்பு போல நெளிந்தும் இருக்கலாம். நெளிந்திருந்தால் நெளிவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும். வெவ்வேறு இரும்புகளை மடித்து அடிப்பதால் அலகின் மேல் நீரோட்டம் போன்ற கோலம் தோன்றும். அதை பமோர் என்பர். பிடியும் உறையின் மேற்பகுதியும் ஊரைச் சொல்லும். ஜாவாவில் அந்த மேற்பகுதி படகு போன்ற வடிவிலோ உருண்ட வடிவிலோ இருக்கும். பாலித் தீவுப் பிடிகளில் அரக்க உருவங்கள் காணப்படும். சுமாத்திராவிலும் மலாயாவிலும் குனிந்து அமர்ந்த உருவம் அல்லது பறவையின் தலை போன்ற பிடி வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. ஜாவாவில் கெரிஸின் கோலத்தைத் துலக்க எலுமிச்சைச் சாற்றோடு ஆசனிக் நஞ்சைப் பூசுவது மரபு. பழைய கெரிஸைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். சிறுவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

ஏமாற்றும் சாட்சிகள்

அரபு எழுத்து இருந்தால் அரபு நாட்டுப் பொருள் என்று எம்மில் பலர் நினைக்கிறோம். பாரசீகம், உருது, மலாய் ஆகியவையும் அதே எழுத்தில்தான் எழுதப்பட்டன. எமது முன்னோரின் அரபுத்தமிழும் அப்படியே. அரபில் இல்லாத எழுத்துகள், மேலதிகப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓத முடிகிறது, ஆனால் பொருள் விளங்கவில்லை என்றால் அது வேறு மொழியாக இருக்கலாம்.

திகதி இருந்தால் அது பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டு. அதை 0.97 ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு கிட்டத்தட்டக் கிடைக்கும். ஹிஜ்ரி 1322 என்றால் 1904. ஆனால் உறையிலுள்ள திகதி உறையின் திகதிதான். அலகு அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

நாணயம் இன்னொரு பொறி. அரேபியாவில் வெள்ளி வேலைக்குப் பெரிதும் பயன்பட்டது ஒஸ்திரியாவின் மரியா தெரேசா வெள்ளி நாணயம். அதை உருக்கி உறை செய்தார்கள், சிலவேளை முழு நாணயத்தையே பொருளில் தொங்கவிட்டார்கள். அதில் 1780 என்று இருக்கும். அந்த அரசி இறந்த வருடம் அது. அதன் பின்னர் 20ஆம் நூற்றாண்டிலும் அடிக்கப்பட்ட நாணயங்களில் அதே வருடத்தைத்தான் பொறித்தார்கள். "1780ஆம் ஆண்டுக் கத்தி" என்று யாராவது விலை கேட்டால் சற்றுச் சிந்தியுங்கள்.

பழையதா, பழையது போன்றதா?

உல்லாசப் பயணிகளுக்காகச் செய்தவை உலகச் சந்தைகளில் நிறைய உண்டு. பார்க்க வேண்டியவை சில. கை படும் இடங்களில் மட்டும் தேய்வு இருக்கிறதா, அல்லது எல்லா இடமும் ஒரே மாதிரிக் கறுத்திருக்கிறதா? உண்மையான பாவனை ஓரிடத்தைத் தேய்க்கும், மறைவிடத்தை விட்டுவிடும். இரசாயனம் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கறுக்க வைக்கும். அலங்காரப் பூக்கள் எல்லாம் ஒன்றுபோல, விளிம்பு மழுங்கி இருந்தால் அவை அச்சில் வார்த்தவை. கையால் செய்த இரு பூக்கள் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்கமாட்டா. சிலுவைக் கோடுள்ள தலையுடைய ஸ்க்ரூ ஆணி எங்காவது இருந்தால் அது 1930களுக்குப் பிந்திய வேலை. குறைந்தது அந்தக் காலத்துக்குப் பின் திருத்தப்பட்டிருக்கிறது.

காந்தம் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று முடிவெடுக்க வேண்டாம். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. நம்பிக்கையான தட்டாரிடம் உரைகல்லில் பார்ப்பதே நல்லது.

எங்கள் வீட்டுக் கத்தி

மஸ்கட்டில் பல வருடங்கள் வேலை செய்த என் மச்சான் அங்கிருந்து கொண்டு வந்த கஞ்சர் ஒன்று அவரது வரவேற்பறையில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாமாவையும் அழைத்துக்கொண்டு போய் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

மச்சானின் கத்தி வளைந்தது. இரு பக்கமும் கூர். அலகின் நடுவில் நீளமான முதுகுக் கோடு. எங்கள் கத்தியின் அலகில் ஒரு பக்கம் மட்டுமே கூர். முதுகு நேராகவும் தடிப்பாகவும் இருந்தது. அந்த முதுகில், பிடிக்கு அருகில், பித்தளையும் வெள்ளியும் பதித்துக் கொடியும் இலையுமாக வேலைப்பாடு. பிடி கொம்பினால் ஆனது, அதன் நுனி கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. உறை மரத்தால் ஆனது, வரிவரியாகச் செதுக்கப்பட்டது. உறையின் பக்கத்தில் மெல்லிய குழி ஒன்று இருந்தது. அது எதற்கென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்த மச்சான், "மாமா, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலைத் தேடிப் பார்த்தேன். பிறகு கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றேன். சந்தேகம் தீர்ந்தது. எங்கள் கத்தி, சிங்களத்தில் பிஹாகெத்த என்று அழைக்கப்படும் கண்டிய வகை. முதுகிலிருந்த கொடி வேலைப்பாடு லியவெல. இத்தகைய கத்திகளில் சிறந்தவை பட்டல் ஹதர எனப்பட்ட கண்டி அரச பட்டறைகளில் உருவானவை. கண்டியப் பிரதானிகள் அவற்றை இடுப்பில் செருகியிருந்தார்கள். உறையின் குழியில் இருந்திருக்க வேண்டியது ஓலையில் எழுதும் எழுத்தாணி. கத்தியும் எழுத்தாணியும் ஒரே உறையில்! எழுத்தாணி எங்கோ தொலைந்து, இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதை மாமாவிடம் சொன்ன நாள் எனக்கு இலகுவானதாக இருக்கவில்லை. "அப்போ நாங்கள் அரபிலிருந்து வரவில்லையா?" என்று கேட்டார். கத்தி பிறந்த இடம் வேறு, எங்கள் குடும்பம் வந்த வழி வேறு என்று விளக்கினேன். ஒரு கத்தி எங்கே செய்யப்பட்டது என்பதை அதன் உடம்பே சொல்லும். அது எப்படி ஒரு வீட்டுக்கு வந்தது என்பதைக் காணி உறுதி, கடிதம், புகைப்படம், பெரியவர்களின் வாய்மொழி ஆகியவைதான் சொல்லும். பரிசாகவும் வந்திருக்கலாம், விலைக்கும் வந்திருக்கலாம், அடகில் மீளாமலும் நின்றிருக்கலாம்.

ஆனால் ஒன்றை மாமாவிடம் உறுதியாகச் சொன்னேன். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் வெளியாட்களாக இருக்கவில்லை. மடிகே எனப்பட்ட தவளப் போக்குவரத்துப் பிரிவில் அவர்கள் அரச சேவை செய்தார்கள். அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தார்கள். பேராசிரியர் லோனா தேவராஜா 1994இல் வெளியான தமது நூலில் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் அலுமாரியில் கண்டியக் கத்தி இருப்பது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று இந்நாட்டில் எம்மிடம் கேட்கப்படும்போது, கடல் கடந்த கதையை மட்டுமே பதிலாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த மண்ணில் இருந்த கதையைச் சொல்லும் பொருட்களை எமது கையாலேயே வேறு பெயர் சூட்டி மறைத்துவிடுகிறோம்.

கத்தி விற்கப்படவில்லை. கூரையைப் பிள்ளைகளும் மருமக்களுமாகச் சேர்ந்து திருத்திக் கொடுத்தோம்.

வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

பித்தளை மினுக்கும் திரவத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்க வேண்டாம். நூறு வருடச் சான்றைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடலாம். அலகில் மெல்லிய தையல் இயந்திர எண்ணெய் பூசினால் போதும். பிடி, உறையின் முன்பக்கம், பின்பக்கம், அலகின் இரு பக்கங்கள், எழுத்து இருந்தால் அதன் நெருங்கிய படம், பக்கத்தில் அளவுகோல் என்று புகைப்படங்கள் எடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்வது தவறாக இருந்தாலும், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட்களாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அத்தகைய பொருளை அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு ஆகியவற்றாலான பிடியுள்ள கத்தியோடு விமான நிலையத்துக்குச் செல்வது பெரும் சிக்கலை வரவழைக்கும். யெமனின் விலையுயர்ந்த ஜம்பியாக்களில் காண்டாமிருகக் கொம்பே பிடியாக இருந்தது. அந்நாடே 1982இல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

சாச்சாவின் கத்தி

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய இன்னொரு கத்தியும் உண்டு. அது இப்போது இல்லை.

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் நாடெங்கும் தேடுதல்கள் நடந்தன. வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டனர். அந்த நாட்களின் பயத்தை இங்கு விளக்கத் தேவையில்லை. என் சாச்சாவின் வீட்டிலும் வெள்ளி உறையுடன் வளைந்த கத்தியொன்று இருந்தது. அவரது வாப்பா ஹஜ்ஜிலிருந்து கொண்டு வந்தது. ஒரு நாள் இரவு சாச்சா அதைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு போய் மகாவலியில் போட்டுவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அன்று என் வீட்டில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்மையில் அவரிடம் கேட்டேன், "சாச்சா, உறையில் எத்தனை வளையம் இருந்தது?" ஏழு என்றார். சாச்சி இரண்டு என்றார். ஏழு என்றால் அது ஓமானின் சயீதி கஞ்சராக இருந்திருக்கலாம். உறையின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு என்றால் மொரோக்கோவினர் தோளில் கயிறிட்டுத் தொங்கவிடும் கும்மியாவாக இருந்திருக்கலாம். இரண்டுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான மைல் தூரம். ஒரே ஒரு புகைப்படம் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

படம் இல்லை. சாச்சாவும் சாச்சியும் இன்னும் அந்த வளையங்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். கையில் தொலைபேசியும் இருக்கட்டும்.